அரசன் முதலில், மக்கள் பிறகு: ஜெர்மானிய இனங்களிடையே கிறிஸ்தவம் பரவிய விதம்

ஐரோப்பிய வரலாற்றைச் சுருக்கிச் சொல்லும் நூல்களில், "பிராங்குகளின் அரசர் குளோவிஸ் திருமுழுக்குப் பெற்றார்; பிராங்குகள் கிறிஸ்தவர்கள் ஆனார்கள்" என்பது போன்ற வரிகளை அடிக்கடி காணலாம். இவ்வரியை முதன்முறையாகப் படிப்பவருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. ஒருவர் நீரில் மூழ்கி எழுந்ததனால் ஓர் இனம் முழுவதன் சமயமும் எவ்வாறு மாறும்? அவ்வாறு மாறிவிட்டதாகச் சொல்லப்படும் உழவரும் போர்வீரரும் அதன்பின் உண்மையில் யாரை வணங்கினார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் பற்றிக்கொண்டு சென்றால், நான்காம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை நீண்ட ஒரு பெரிய மாற்றத்தின் அடிப்படை ஓரளவு விளங்கிவிடும்.

ஜெர்மானியர் என்று இங்கே குறிப்பிடப்படுவோர் இன்றைய ஜெர்மனி நாட்டவர் மட்டும் அல்லர். ரைன், டான்யூப் ஆறுகளுக்கு அப்பால் ரோமப் பேரரசின் எல்லைக்கு வெளியே வாழ்ந்த, ஒன்றுக்கொன்று உறவுடைய மொழிகளைப் பேசிய பல இனங்களுக்கு அறிஞர்கள் வைத்த பொதுப்பெயர் அது. கோத்துகள், வாண்டல்கள், பர்கண்டியர், பிராங்குகள், லொம்பார்டுகள், ஆங்கிலர், சாக்சன்கள், பிரீசியர், வடக்கே டேனியர், நார்வேயினர், ஸ்வீடர் ஆகியோர் இதில் அடங்குவர். தாம் அனைவரும் ஒரே மக்கள் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்ததற்குச் சான்று இல்லை.

அவர்களுடைய பழைய சமயத்திற்கு நிறுவனரும் இல்லை, மறைநூலும் இல்லை, இன்னின்னவற்றை நம்ப வேண்டும் என்று வகுத்துரைத்த கொள்கையும் இல்லை. வோடன், இடியின் கடவுளான தோர் அல்லது டோனார் முதலிய தெய்வங்களுக்கு விலங்குகளைப் பலியிட்டு, அந்த இறைச்சியை ஊரார் கூடி உண்பதும், தோப்புகளையும் பெருமரங்களையும் நீரூற்றுகளையும் புனிதமாகப் போற்றுவதும், முன்னோர் வழக்கத்தை வழுவாமல் நடத்துவதுமே அதன் உள்ளடக்கம். விளைச்சலும் போர் வெற்றியும் கிடைத்தால் தெய்வம் மகிழ்ந்திருக்கிறது என்று பொருள். கிடைக்காவிட்டால் ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்று பொருள். இங்கிலாந்தின் பல அரச குடும்பங்கள் வோடனையே தங்கள் மூதாதையாகக் காட்டின. இத்தகைய சமூகத்தில் சமயம் என்பது தனிமனிதர் தமக்கெனத் தேர்ந்தெடுக்கும் நம்பிக்கை அன்று. குலத்தின் நலனுக்காக எல்லோரும் சேர்ந்து நிறைவேற்றும் கடமை. ஆகவே தனியொருவர் அதிலிருந்து விலகுவது உறவினரைக் கைவிடுவதற்குச் சமமாக இருந்தது. ஆனால் அரசரும் பெருங்குடியினரும் அவையில் கூடி, வலிமை மிக்க வேறொரு கடவுளின் பக்கம் செல்லத் தீர்மானித்தால், அது கூட்டணி மாற்றுவதைப் போல ஏற்கத்தக்க அரசியல் முடிவாகவே கருதப்பட்டது. நம் காலத்து 'மதமாற்றம்' என்ற சொல்லோடு வரும் எண்ணங்களை இங்கே அப்படியே பொருத்தினால் பல செய்திகள் புரியாமல் போகும் என்பது என் கருத்து. இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: இச்செய்திகளை எழுதிவைத்தோர் ஏறக்குறைய அனைவரும் கிறிஸ்தவத் துறவிகளும் ஆயர்கள் என்னும் பிஷப்புகளுமே, தோற்ற தரப்பின் குரல் அவர்கள் வழியாகவே நம்மை வந்தடைகிறது.

முதலில் கிறிஸ்தவத்தை ஏற்றவர்கள் டான்யூப் ஆற்றின் வடகரையில் வாழ்ந்த கோத்துகள். மூன்றாம் நூற்றாண்டில் ரோம எல்லைக்குள் சூறையாடச் சென்ற அவர்கள் சிற்றாசியாவிலிருந்து கிறிஸ்தவர்களையும் சிறைபிடித்து வந்தார்கள்; அந்தக் கைதிகளின் வழித்தோன்றல்களுள் ஒருவரான உல்பிலா என்பவர் நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோத்துகளிடையே ஆயரானார். எழுத்தில்லாதிருந்த கோத்திய மொழிக்குப் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு எழுத்து முறை ஒன்றை அமைத்து, விவிலியத்தை அவர் மொழிபெயர்த்தார். போர் விருப்பம் ஏற்கெனவே மிகுந்திருந்த மக்களுக்கு அது மேலும் வேண்டாம் என்று கருதி, விவிலியத்தில் போர்க்கதைகள் நிறைந்த 'அரசர்கள்' என்னும் நூல்களை மட்டும் அவர் விட்டுவிட்டதாக ஒரு பழைய வரலாற்றாசிரியர் கூறுகிறார். ஊதா நிறத் தோலேடுகளில் வெள்ளி, பொன் மைகளால் எழுதப்பட்ட அந்த மொழிபெயர்ப்பின் ஆறாம் நூற்றாண்டுப் படி ஒன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

உல்பிலா பரப்பிய கிறிஸ்தவம் பிற்காலத்தில் வழக்கூன்றிய கிறிஸ்தவம் அன்று. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஏரியஸ் என்ற குரு, மகனாகிய கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்கு முழுச் சமமானவர் அல்லர் என்று போதித்திருந்தார். 325இல் கூடிய ஆயர்களின் நைசியா பொதுச்சங்கம் அதைக் கண்டித்தது. எனினும் அடுத்து வந்த பேரரசர்கள் சிலர் அக்கொள்கைக்கு நெருக்கமானவற்றையே ஆதரித்தனர். கோத்துகள் கிறிஸ்தவத்தைப் பெற்றது அந்த இடைவெளியில்தான். (பெயர் ஒலிப்பில் ஒற்றுமை இருந்தாலும் ஏரியஸ் கொள்கைக்கும் ஆரிய இனம் பற்றிய பேச்சுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை.) 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு பேரரசு நைசியா நம்பிக்கைக்கு உறுதியாகத் திரும்பிய பிறகும் கோத்துகளும், அவர்களைப் பின்பற்றி வாண்டல்கள் முதலியோரும் ஏரியஸ் கொள்கையிலேயே நிலைத்தனர். ரோமப் பேரரசின் மேற்குப் பகுதியைப் பங்கிட்டு ஆண்ட இந்த இனங்களுக்கு, தம் குடிமக்களான ரோமரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாகவும் அது பயன்பட்டிருக்க வேண்டும். கோத்திய அரசர் தியோடொரிக் ஆண்ட இத்தாலியின் ரவென்னா நகரில் இரு தரப்பினருக்கும் தனித்தனியே எழுந்த திருமுழுக்கு மண்டபங்கள் இன்றும் நிற்கின்றன. இரண்டின் கூரையிலும் கிறிஸ்து யோர்தானில் முழுக்குப் பெறும் காட்சியே மொசைக் ஓவியமாக அமைந்துள்ளது. வாண்டல் அரசு 534இல் அழிந்தது; ஸ்பெயினின் கோத்திய அரசர் ரெக்காரெட் 589இல் தொலெதோ சங்கத்தில் நைசியா வழிவந்த கத்தோலிக்க நம்பிக்கையை முறையாக அறிவித்தார்; லொம்பார்டுகள் ஏழாம் நூற்றாண்டில் மாறினர். அத்துடன் அப்பிரிவு மறைந்தது.

பிராங்குகளின் வரலாறு முற்றிலும் வேறு. ஏரியஸ் கொள்கையில் நிலைகொள்ளாமல், பழைய தெய்வ வழிபாட்டிலிருந்து நேராகக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வந்தவர்கள் அவர்கள். 481இல் அரியணை ஏறிய குளோவிஸ், பர்கண்டிய இளவரசியும் கத்தோலிக்கருமான குளோட்டில்டை மணந்தார். இக்கதையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய தூர் நகர ஆயர் கிரகோரியின் கூற்றுப்படி, அரசி வற்புறுத்தி முதல் மகனுக்குத் திருமுழுக்குக் கொடுக்கச் செய்தார். குழந்தை முழுக்கின் வெள்ளாடையோடே இறந்துவிட்டது. தம் தெய்வங்களின் பெயரால் அர்ப்பணித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று குளோவிஸ் சினந்தார். பின்னர் அலமன்னியர் என்ற மற்றொரு ஜெர்மானிய இனத்தாருடன் நடந்த போரில் தோல்வி நெருங்கியபோது, வெற்றி தந்தால் உம்மை நம்புவேன் என்று கிறிஸ்துவிடம் அவர் வேண்டிக்கொண்டார், வெற்றி கிடைத்தது. குழந்தையின் சாவு, போரின் வெற்றி ஆகிய இரண்டு நிகழ்ச்சிகளிலும் அரசர் பயன்படுத்திய அளவுகோல் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கடவுள் பயன் தருகிறார் என்ற பழைய சமயத்தின் கேள்வியைக் கொண்டே புதிய சமயத்தையும் அவர் சோதித்தார்.

ஆயினும் அவருடைய முதல் தயக்கம் தம் மக்களைப் பற்றியதாக இருந்தது. தம்மைப் பின்பற்றுவோர் தங்கள் தெய்வங்களை விட்டு வர ஒப்ப மாட்டார்கள் என்று அவர் ஆயர் ரெமிஜியுஸிடம் கூறியதாகவும், பின்னர் மக்களே இசைந்ததாகவும், ரைம்ஸ் நகரில் அரசருடன் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் முழுக்குப் பெற்றதாகவும் கிரகோரி எழுதுகிறார். நிகழ்ந்த ஆண்டு எது என்பதில் 496 முதல் 508 வரை அறிஞர் கருத்துகள் வேறுபடுகின்றன. அரசியல் ஆதாயம் மட்டும் தெளிவானது: கால் எனப்பட்ட நாட்டில் (இன்றைய பிரான்சை ஒட்டிய பகுதி) நகரங்களை நிர்வகித்தவர்கள் கத்தோலிக்க ஆயர்கள், ஏரியஸ் கொள்கையுடைய கோத்திய அரசர்களால் பெற முடியாத அவர்களுடைய முழு ஆதரவு குளோவிஸுக்குக் கிடைத்தது. 507இல் வூயே போரில் அவர் கோத்திய அரசர் இரண்டாம் அலாரிக்கைத் தோற்கடித்துத் தென்பகுதியையும் கைப்பற்றினார்.

அரசர் வழியே சமயம் நுழைவதை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு இங்கிலாந்து. 731இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவி அதற்குக் காரணம். போப் முதலாம் கிரகோரி அனுப்பிய அகஸ்டினும் உடன்வந்த துறவிகளும் 597இல் இங்கிலாந்தின் தென்கிழக்கிலிருந்த கென்ட் நாட்டில் இறங்கினர். அரசர் ஏதல்பெர்ட்டின் மனைவி பெர்த்தா, பிராங்கு அரச குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவர்; தமக்கென ஓர் ஆயரையும் அழைத்து வந்து கேன்டர்பரியில் வழிபாடு நடத்திவந்தவர். அப்படியிருந்தும் அரசர் அந்த விருந்தினரை ஒரு கூரையின் கீழ் சந்திக்க அஞ்சினார். மூடிய இடத்தில் அவர்களுடைய மந்திரம் தம்மை வென்றுவிடும் என்று நினைத்துத் திறந்தவெளியில் அமர்ந்து பேசினார். குளோட்டில்ட், பெர்த்தா, அவர் மகள் ஏதல்பர்க் என இவ்வரலாற்றின் திருப்பங்களில் அரசியர் தொடர்ந்து தென்படுகின்றனர். ஆயினும் ஏடுகளில் அவர்களுக்கு அரசர்களைவிடக் குறைவான இடமே கிடைத்திருக்கிறது.

601இல் போப் கிரகோரி எழுதிய இரு கடிதங்களை அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ளது. ஏதல்பெர்ட்டுக்கு எழுதியதில் பழைய கோயில்களை இடித்துத் தள்ளுமாறு அறிவுறுத்தினார். சில வாரங்களுக்குள் மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு எழுதியதில் அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார்: சிலைகளை மட்டும் அழியுங்கள், கோயில் நன்கு கட்டப்பட்டதாக இருந்தால் புனித நீர் தெளித்து அதனுள்ளேயே பீடம் அமையுங்கள், பேய்களுக்கு மாடு பலியிட்டுவந்த மக்கள் இனி நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைசாட்சிகளின் விழாநாளில் அதே மாட்டை அடித்துக் கடவுளுக்கு நன்றி சொல்லி உண்ணட்டும், உச்சிக்கு ஏற விரும்புவோர் தாவி ஏறுவதில்லை, படிப்படியாகவே ஏறுகிறார்கள் என்பது அவர் தந்த விளக்கம். வழிபடும் இடத்தையும் விருந்து நாளையும் மாற்றாமல் யாருக்காக என்பதை மட்டும் மாற்றும் இந்த உத்தி வடஐரோப்பா முழுவதும் ஏதேனும் ஒரு வடிவில் பின்னர் கையாளப்பட்டது.

இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்த நார்தம்பிரியாவின் அரசர் எட்வின் இன்னும் நிதானமானவர். ஏதல்பர்கை மணந்தபோது தாமும் அச்சமயத்தை ஆராய்வதாக வாக்களித்தார். போரில் வென்ற பிறகும் உடனே முழுக்குப் பெறாமல் அவையைக் கூட்டினார். அந்த அவையில் ஒரு பெருங்குடியினர், குளிர்காலத்து மண்டபத்தின் ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் இருளுக்குள் பறந்து மறையும் சிட்டுக்குருவிக்கு மனித வாழ்வை ஒப்பிட்டுப் பேசியது புகழ்பெற்றுவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவருக்கு முன் பேசிய பூசாரி கோய்ஃபியின் வெளிப்படையான கணக்கு: "என்னைவிட ஊக்கமாக நம் தெய்வங்களுக்குத் தொண்டு செய்தவர் எவருமில்லை, ஆனால் என்னைவிட அதிகமாக உங்கள் அருளைப் பெற்றவர் பலர் இருக்கிறார்கள், தெய்வங்களுக்கு ஆற்றல் இருந்திருந்தால் எனக்கல்லவா உதவியிருக்கும்?" என்ற பொருள்பட அவர் பேசினார். பிறகு, பூசாரிக்கு விலக்கப்பட்டிருந்த ஆயுதத்தை ஏந்தி, விலக்கப்பட்டிருந்த ஆண்குதிரையின் மேல் ஏறிச் சென்று, தாம் காத்துவந்த கோயிலுக்குள் ஈட்டியை எறிந்தார். எட்வின் 627ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று (ஈஸ்டர்) யார்க் நகரில் முழுக்குப் பெற்றார்.

அரசரோடு வந்த சமயம் அரசரோடு போய்விடவும் கூடும். கென்டில் ஏதல்பெர்ட் 616இல் இறந்ததும் மகன் எட்பால்ட் பழைய வழிக்குச் சென்று, சில காலம் கழித்தே திரும்பினார். எட்வின் 633இல் போரில் கொல்லப்பட்டதும் அவருக்குப் பின் வந்த இரு அரசர்களும் கிறிஸ்தவத்தைக் கைவிட்டனர். அவர்கள் ஆண்ட ஓராண்டை அரசர் பட்டியலிலிருந்தே நீக்கி, அடுத்து வந்த கிறிஸ்தவ அரசர் ஆஸ்வால்டின் கணக்கில் சேர்த்துவிட்டதாகப் பீட் சொல்கிறார். கிழக்கு ஆங்கிலியாவின் ரெட்வால்ட் இரு தரப்பையும் பகைக்க விரும்பவில்லை. ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பீடமும் பழைய தெய்வங்களுக்குச் சிறு பீடமும் வைத்திருந்தார். பீட் இதை இகழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். பல தெய்வங்களை வணங்கிப் பழகியவருக்குக் கூடுதலாக ஒரு கடவுளைச் சேர்ப்பது இயல்பான செயலே. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டளைதான் புதிதாகவும் விளங்காததாகவும் இருந்திருக்கும். 635இல் அயர்லாந்து மரபைச் சேர்ந்த எய்டன் என்ற துறவி அயோனா தீவிலிருந்து வந்து லிண்டிஸ்பார்ன் தீவில் மடம் அமைத்தபின், ஊர் ஊராக நடந்தே சென்று போதிக்கும் முறை வேரூன்றியது. ஆங்கிலம் சரிவர அறியாத அவருக்குத் தொடக்கத்தில் அரசர் ஆஸ்வால்டே மொழிபெயர்ப்பாளராக நின்றார்.

அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயத் துறவிகளே கடல் கடந்து, தம் முன்னோரின் உறவினர்கள் என்று தாம் கருதிய மக்களிடம் சென்றனர். அவர்களுள் புகழ்பெற்றவர் வின்பிரித் என்ற இயற்பெயருடைய போனிபாஸ். இன்றைய ஜெர்மனியிலுள்ள ஹெஸ்ஸே நாட்டின் கைஸ்மாரில் டோனாருக்கு உரியதாகப் போற்றப்பட்ட கருவாலி மரத்தை ஊரார் முன்னிலையில் வெட்டி வீழ்த்தி, அந்த மரக்கட்டைகளாலேயே புனித பேதுருவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார் என்பது அவரைப் பற்றிய பெரும்புகழ் பெற்ற செய்தி. மரத்தை வெட்டியவரை இடி தாக்கவில்லை என்பதே அங்கு வைக்கப்பட்ட வாதம். ஆனால் வின்செஸ்டர் ஆயர் டேனியல் அவருக்கு எழுதிய அறிவுரைக் கடிதம் வேறொரு வழியைக் காட்டுகிறது. அம்மக்களின் தெய்வப் பரம்பரையை முதலில் மறுக்காதீர். பிறந்தவர்கள் என்றால் அவர்கள் பிறப்பதற்குமுன் உலகை ஆண்டவர் யார் என்று கேளுங்கள். இன்னும் குழந்தைகளைப் பெறுகிறார்களா, இல்லையெனில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். திராட்சை மதுவும் எண்ணெயும் விளையும் நாடுகள் கிறிஸ்தவரிடம் இருக்க, தம்மை வணங்குவோருக்கு உறைபனி மண்ணை மட்டும் தெய்வங்கள் விட்டுவைத்தது ஏன் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் அமைதியாக, புண்படுத்தாமல் கேளுங்கள் என்கிறார் அவர். இங்கும் கடைசி வாதம் செல்வத்தையும் வலிமையையும் பற்றியதே.

போனிபாஸ் தம் நிலையைப் பற்றி மாயை எதுவும் கொள்ளவில்லை. பிராங்கு ஆட்சியாளரின் பாதுகாப்பு இல்லாவிட்டால் குருக்களைக் காக்கவோ பழைய சடங்குகளைத் தடுக்கவோ தம்மால் இயலாது என்று டேனியலுக்கே அவர் எழுதினார். அவர் பெரும்பாலும் போராடியது பழைய சமயத்தோடுகூட அன்று. அரைகுறையாகக் கற்ற குருக்களோடுதான். பவேரியாவில் ஒரு குரு லத்தீன் இலக்கணம் தெரியாமல் தந்தை, மகன் என்ற சொற்களையே சிதைத்து முழுக்குக் கொடுத்துவந்தார். அது செல்லுமா என்ற வழக்கு போப் சக்கரியாவிடம் சென்றது. பிழை அறியாமையால் நேர்ந்தது, தவறான கொள்கையால் அன்று, ஆகவே மறுமுழுக்கு வேண்டாம் என்று அவர் தீர்ப்பளித்தார்.

இதுவரை கண்ட முறை செயல்படுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முடிவெடுக்க ஓர் அரசர் இருக்க வேண்டும். ஐரோப்பிய நிலப்பகுதியின் சாக்சன்களுக்கு அரசர் இல்லை. பல பகுதிகளின் தலைவர்கள் ஆண்டுக்கொருமுறை மார்க்லோ என்ற இடத்தில் கூடி முடிவெடுத்தனர். ஒரு தலைவர் செய்த ஒப்பந்தம் மற்றவரைக் கட்டுப்படுத்தவில்லை. பிராங்கு அரசர் சார்லமேன் 772இல் அவர்களுடைய இர்மின்சூல் என்னும் புனிதத் தூணை அழித்துத் தொடங்கிய போர் 804 வரை நீண்டது. 782இல் வெர்டன் என்ற இடத்தில் ஒரே நாளில் 4500 பேரின் தலைகளை வெட்டியதாகப் பிராங்குகளின் அரச ஆண்டுக்குறிப்பே கூறுகிறது. அந்த எண்ணிக்கையைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அக்காலத்தில் வெளியான சட்டத்தொகுப்பு, முழுக்கை மறுத்து ஒளிந்துகொள்வதற்கும், தவக்காலமாகிய நோன்புக் காலத்தில் நம்பிக்கையை இகழும் நோக்கில் இறைச்சி உண்பதற்கும், இறந்தவரைப் பழைய முறைப்படி எரிப்பதற்கும் மரண தண்டனை விதித்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கவும் கட்டளையிட்டது. எதிர்ப்பின் தலைவர் விடுகிண்ட் 785இல் அத்தினி அரண்மனையில் முழுக்குப் பெற்றார்.

இதைக் கண்டித்தவர் சார்லமேனின் அவையிலேயே இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. யார்க் நகரிலிருந்து வந்த அறிஞர் அல்குயின் 796இல் எழுதிய கடிதங்களில், நம்பிக்கை விருப்பத்தால் வருவது, வற்புறுத்தலால் அன்று என்று வலியுறுத்தினார். பத்திலொரு பங்கைக் கறாராக வசூலித்த அளவுக்குக் கிறிஸ்துவின் எளிய நுகத்தைப் போதித்திருந்தால் சாக்சன்கள் முழுக்கை வெறுத்திருக்க மாட்டார்கள் என்றும் எழுதினார். 797இல் வந்த புதிய சட்டம் பழையதைக் காட்டிலும் மென்மையானது. எனினும் 841இல் சாக்சனி நாட்டின் எளிய குடியினர் கிளர்ந்தெழுந்து பழைய வழக்கங்களைக் கோரியபோது, புதிய சமயம் பிராங்குகளோடு கைகோத்த பெருங்குடியினரின் சமயமாகவே அவர்களுக்குத் தோன்றியது என்பது வெளிப்பட்டது.

அதே காலத்தில் அதே மண்ணில் வேறொன்றும் நடந்தது. 830ஐ ஒட்டிப் பெயர் தெரியாத ஒரு கவிஞர், ஏறத்தாழ 6000 அடிகளில் கிறிஸ்துவின் வாழ்வைப் பழைய சாக்சன் மொழியில் மோனை அமைந்த யாப்பில் பாடினார். 'ஹீலியண்ட்' என்று அது வழங்கப்படுகிறது. அதில் கிறிஸ்து கொடையும் வலிமையும் உடைய தலைவர். சீடர்கள் அவருக்கு உயிர் கொடுக்கக் கடமைப்பட்ட மறவர்கள். பெத்லகேமில் இரவுக் காவல் காப்போர் ஆடு மேய்ப்பவர் அல்லர், குதிரைக் காவலர். பேதுரு வாளை உருவி எதிரியின் காதை வெட்டும் காட்சியைக் கவிஞர் விரிவாகச் சுவைத்துப் பாடுகிறார். பகைவரை நேசிக்கச் சொல்லும் மலைப்பொழிவையும் அவர் விடவில்லை. ஜெர்மானியர் கிறிஸ்தவர் ஆனபோது அவர்கள் ஏற்ற கிறிஸ்தவமும் ஓரளவு ஜெர்மானியமாயிற்று. இப்பாடல் அதற்குச் சிறந்த சான்று.

வடநாடுகளில் இக்கதை சிறு மாறுதல்களோடு மீண்டும் நடந்தது. டென்மார்க்கின் அரசர் ஹரால்ட் நீலப்பல்லர் தாம் டேனியரைக் கிறிஸ்தவர் ஆக்கியதாக யெல்லிங் ஊரில் கல்லில் பொறித்து வைத்தார். 965ஐ ஒட்டி அவர் சமயம் மாறினார். அரசரே இல்லாத ஐஸ்லாந்தில், நார்வே அரசரின் நெருக்கடியால் 1000ஆம் ஆண்டையொட்டிப் பொதுமன்றம் பிளவுபட்டு நின்றபோது, முடிவெடுக்கும் பொறுப்பு சட்டமுரைப்பவரான தோர்கெயிரிடம் விடப்பட்டது. அவரோ பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் பேசாமல் கிடந்து சிந்தித்தபின், சட்டம் இரண்டானால் அமைதியும் குலையும் என்று சொல்லி, எல்லோரும் முழுக்குப் பெற வேண்டும் என்று அறிவித்தார். குதிரை இறைச்சி உண்பதும், வளர்க்க இயலாத சிசுவை வெளியே விட்டுவிடுவதும், சாட்சியில்லாமல் மறைவாகப் பலியிடுவதும் மட்டும் அனுமதிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அச்சலுகைகளும் நீக்கப்பட்டன.

சட்டம் மாறும் வேகத்தில் வழக்கம் மாறவில்லை. குளோவிஸின் முழுக்குக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், ரைன் கரையிலுள்ள வோர்ம்ஸ் நகரின் ஆயராக 1025 வரை இருந்த புர்க்கார்ட், பாவமன்னிப்புக் கேட்டு வருவோரிடம் குருக்கள் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்தார். நீரூற்றுகளிலோ கற்களிலோ மரங்களிலோ முச்சந்திகளிலோ வேண்டுதல் செய்து விளக்கேற்றினாயா, படையல் வைத்தாயா என்பது அவற்றுள் ஒன்று. ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில், வீட்டுக்கு வரும் மூன்று சகோதரியர் உண்பதற்காக மேசையில் உணவும் பானமும் மூன்று கத்திகளும் வைத்தாயா என்பது பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று. அவ்வாறு செய்தவர்களைப் புர்க்கார்ட் வேற்றுச் சமயத்தவராகக் கருதவில்லை. நோன்பிருந்து திருந்த வேண்டிய கிறிஸ்தவர்களாகவே கருதினார்.